அப்பூதியாரின் தண்ணீர்ப் பந்தலும் மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளும்

அப்பூதியடிகள் நாயனாரின் வரலாற்றை நம்மில் பலரும் சமய வகுப்பில் படித்திருப்போம். திங்களூரில் வாழ்ந்த அந்தணர் அவர். திருநாவுக்கரசரை அவர் நேரில் கண்டதில்லை. அவருடைய பெருமையைக் கேள்வியால் மட்டுமே அறிந்திருந்தார். அப்படியிருந்தும் தம் பிள்ளைகளுக்குத் திருநாவுக்கரசு என்றே பெயர் சூட்டினார். வீட்டிலிருந்த படிக்கும் எடைக்கோலுக்கும் பசுக்களுக்கும்கூட அதே பெயர்தான். வழிப்போக்கர் தாகம் தீரப் பந்தல் அமைத்து, அதன் மேலும் அந்தப் பெயரையே எழுதி வைத்தார். ஒருநாள் அப்பர் பெருமானே அவ்வழியே வந்தார். உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று கேட்டார். வந்தவர் யாரென்று அறியாத அப்பூதியார் சினந்துவிட்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

ஞாயிறு தோறும் பெரியவர்களுக்கு நடைபெறும் சமய வகுப்பில் இந்த வரலாற்றைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அரவம் தீண்டிய மகனை அப்பர் பதிகம் பாடி எழுப்பிய பகுதியைத்தான் விரிவாகச் சொல்வேன். தண்ணீர்ப் பந்தலை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவேன். அந்தப் பந்தலின் முன் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது 2019ஆம் ஆண்டில்தான்.

அவ்வாண்டு தைப்பூசம் ஜனவரி 21ஆம் நாள், திங்கட்கிழமை வந்தது. பினாங்கில் தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையில் எங்கள் குழுவினரும் வழக்கம்போல் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தோம். அன்றிரவு பந்தலில் ஒரு சிறு சம்பவம் நடந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன். மறுநாள் காலை, தூக்கம்கூடச் சரியாகக் கலையாத வேளையில், அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வாழும் என் மகள் கைப்பேசியில் அழைத்தாள். அவள் ஊரில் அப்போது திங்கட்கிழமை மாலை.

"அப்பா, உங்களுக்குப் பூசம். எங்களுக்கும் இன்றைக்குத் தொண்டு நாள்தான். காலையிலிருந்து உணவுப் பெட்டி கட்டிக் கட்டிக் கை வலிக்கிறது" என்றாள்.

"விடுமுறை என்றாயே?"

"கிங் பிறந்தநாள் விடுமுறை அப்பா. இன்றைக்கு வீட்டில் சும்மா இருப்பதில்லை, பிறருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்."

விடுமுறை நாளில் வேலை செய்யச் சொல்லும் சட்டமா என்று எனக்கு வியப்பு. அன்று தொடங்கிய தேடலின் பயனாக நான் அறிந்துகொண்டவற்றை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விடுமுறை பிறந்த கதை

மார்ட்டின் லூதர் கிங் 1929ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அட்லாண்டாவில் பிறந்தார். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 39 மட்டுமே. அவர் மறைந்த நான்காம் நாளே, அவர் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்க வேண்டும் என்னும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. அது சட்டமாவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங் அம்மையார் அத்தனை ஆண்டுகளும் ஓயாமல் உழைத்தார். 1983 நவம்பர் 2இல் அதிபர் ரேகன் கையெழுத்திட, 1986ஆம் ஆண்டு முதல் ஜனவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை விடுமுறையாயிற்று.

விடுமுறை கிடைத்தது. ஆனால் விடுமுறை என்றால் என்ன நடக்கும் என்பது நமக்கும் தெரியும். கடைகளில் தள்ளுபடி விற்பனை நடக்கும். மக்கள் நேரம் கழித்து எழுவார்கள். இதைக் கண்டு மனம் பொறுக்காத இருவர் 1994இல் இன்னொரு சட்டத்தைக் கொண்டுவந்தனர். ஒருவர் ஜான் லூயிஸ். கிங்கோடு நடந்து அடியும் உதையும் பட்டவர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானவர். மற்றவர் ஹாரிஸ் வோஃபோர்ட் என்னும் வெள்ளையர், அப்போது செனட்டர். இளம் வயதிலேயே தம் மனைவியோடு இந்தியா சென்று, காந்தியடிகளின் வழியைப் பயின்று, 1951இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதியவர். கிங்குக்குக் காந்திய நெறி குறித்து ஆலோசனை கூறியவர்களுள் அவரும் ஒருவர். 1994 ஆகஸ்டு 23இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட அச்சட்டத்தின்படி, கிங் பிறந்தநாள் தேசியத் தொண்டு நாளும் ஆயிற்று. யாரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. ஊர் தோறும் தொண்டு நடைபெற அரசு ஊக்கமும் உதவியும் அளிக்கும் என்பதே அதன் சாரம்.

என் மகள் உணவுப் பெட்டி கட்டிய அந்த 2019 ஜனவரி 21ஆம் நாளில்தான் வோஃபோர்ட் தமது 92ஆம் வயதில் காலமானார் என்பதைப் பிறகு படித்தேன். தாம் உருவாக்கிய தொண்டு நாளிலேயே கண்மூடியிருக்கிறார்.

ஊர் பேர் இல்லாத சங்கம்

கிங் என்றதும் வாஷிங்டனில் இலட்சக்கணக்கான மக்கள் முன் அவர் ஆற்றிய உரைதான் எல்லார் நினைவுக்கும் வருகிறது. அதை நான் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. நம் போன்ற ஆலயத் தொண்டர்கள் கற்க வேண்டியது மாண்ட்கோமரி நகரத்துச் சமையலறையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அலபாமா மாநிலத்தின் தலைநகரம் மாண்ட்கோமரி. அங்கே பேருந்தில் முன்வரிசை வெள்ளையருக்கு உரியது. கறுப்பின மக்கள் பின்னால் அமர வேண்டும். வெள்ளையருக்கு இடம் போதாவிட்டால் அந்த இருக்கையையும் விட்டெழ வேண்டும். 1955 டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் என்னும் தையற்காரப் பெண்மணி எழ மறுத்தார், கைது செய்யப்பட்டார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதையே நிறுத்தினர். அப்போராட்டத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிங்குக்கு அப்போது வயது 26. ஊருக்குப் புதியவர்.

பேருந்தில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிடலாம். மறுநாள் காலை வேலைக்கு எப்படிப் போவது? வீட்டு வேலை செய்யும் பெண்கள், பல மைல் தூரம் செல்ல வேண்டியவர்கள், ஆயிரக்கணக்கில் இருந்தனர். பலர் நடந்தே சென்றனர். கார் வைத்திருந்தோர் தத்தம் காரைக் கொடுத்தனர். ஏறத்தாழ 300 கார்கள், குறித்த இடங்களில் குறித்த நேரத்தில் ஆட்களை ஏற்றி இறக்கின. தேவாலயங்கள் பெரிய வண்டிகளை வாங்கித் தங்கள் பெயரை எழுதி ஓட்டின. உள்ளூர்க் காப்புறுதி நிறுவனங்கள் அவ்வண்டிகளுக்குக் காப்புறுதி தர மறுத்தபோது, இலண்டன் லாயிட்ஸ் வழியாகக் காப்புறுதி பெற்றனர். பெட்ரோல், பழுதுபார்த்தல், வழக்குச் செலவு என்று பணம் தண்ணீராய்ச் செலவாயிற்று. இப்படி ஒருநாள் இருநாள் அன்று, 381 நாள்கள் நடந்தது.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்கார அம்மையாரின் அடுப்பிலிருந்து வந்தது.

அவர் ஓர் உணவுக் கடையில் சமையல் வேலை பார்த்தவர். போராட்டம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவர் பேருந்தில் ஏறுவதை நிறுத்தியிருந்தார். ஒருநாள் முன்வாசலில் ஏறிக் கட்டணம் செலுத்தியவரை, இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறு என்று ஓட்டுநர் விரட்டியிருக்கிறார். அவர் இறங்கிப் பின்வாசலுக்குச் செல்வதற்குள், காசை வாங்கிக்கொண்ட ஓட்டுநர் வண்டியைச் செலுத்திக்கொண்டு போய்விட்டார்.

கில்மோர் அம்மையாரும் தோழியரும் கோழி இறைச்சி ரொட்டி, கேக்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம் ஆகியவற்றைச் செய்து, முடி திருத்தும் நிலையங்களிலும் டாக்சி நிற்குமிடங்களிலும் விற்றனர். கிடைத்த பணத்தைத் தேவாலயத்தில் நடக்கும் பொதுக் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினர். யார் கொடுத்தது என்று வெளியே தெரிந்தால் வாங்கியவர் வேலை போய்விடும். விற்றவர் வேலையும் போய்விடும். ஆகவே தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'எங்கிருந்தும் வராதோர் சங்கம்' எனலாம். நம் வழக்கில் ஊர் பேர் இல்லாத சங்கம். பணம் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை! வெள்ளையரிலும் சிலர் ரகசியமாக இச்சங்கத்தின் பலகாரத்தை வாங்கினார்கள்.

கிங்கின் மீது போடப்பட்ட வழக்கில், பேருந்தில் தமக்கு நேர்ந்ததை நீதிமன்றத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னார் கில்மோர் அம்மையார். உணவுக் கடை வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்து விற்கும்படி கிங் அவருக்கு ஊக்கமளித்து, பாத்திரம் பண்டம் வாங்கவும் உதவினார். அதன்பின் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையே போராட்டத் தலைவர்கள் கூடிப் பேசும் இடமாயிற்று. பேருந்தில் இனவாரியாக இடம் ஒதுக்குவது சட்டத்துக்குப் புறம்பானது என்று 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பர் 20இல் புறக்கணிப்பு முடிவடைந்தது. 1990இல், மற்றொரு போராட்டமான செல்மா பேரணியின் 25ஆம் ஆண்டு நிறைவுக்காகச் சமைத்துக்கொண்டிருந்த வேளையில் உடல்நலம் குன்றி அம்மையார் இறந்தார். அவர் ஆக்கி வைத்த உணவு துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறப்பட்டது. விதைத்த நெல்லை வாரி வந்து அடியாருக்கு அமுது படைத்த இளையான்குடி மாறனாரின் இல்லத்து அம்மையாரை எண்ணாமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை.

இவ்விடத்தில் நன்கொடையாளர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் ஆலயங்களில் மின்விசிறியின் இறக்கையில்கூட 'உபயம்' என்று பெயர் எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். விசிறி சுழலும்போது படிக்க முடியாது. நிறுத்தினால் படிக்கலாம், ஆனால் வியர்க்கும். உபயப் பலகைகளுள் ஒன்றில் என் பெயரும் இருக்கத்தான் செய்கிறது. பெயர் போடுவதால் பிறரும் கொடுக்க முன்வருகிறார்கள் என்பது உண்மை. இருந்தாலும் அப்பூதியார் தம் பந்தலில் எழுதியது தம் பெயரை அன்று.

குமரிமுனையில் ஒரு மாலை

மாண்ட்கோமரி வெற்றிக்குப் பின், 1959 பிப்ரவரியில் கிங் துணைவியாருடன் இந்தியா சென்று ஒரு மாதம் சுற்றிப் பார்த்தார். கன்னியாகுமரியில் ஒரு பக்கம் ஞாயிறு மறைய, மறுபக்கம் திங்கள் எழும் காட்சியைக் கண்டு வியந்ததைத் தம் தேவாலயச் சொற்பொழிவில் உருக்கமாகக் கூறியிருக்கிறார். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது திருவனந்தபுரத்தில் நடந்தது. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளியொன்றுக்கு அவர் சென்றார். பள்ளித் தலைவர், அமெரிக்காவிலிருந்து வந்த உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அவரை அறிமுகம் செய்தாராம். முதலில் அதிர்ச்சியும் சற்று வருத்தமும் அடைந்ததாகவும், பிறகு யோசித்துப் பார்த்தபோது, ஆம், நானும் என் மக்களும் அப்படித்தான் நடத்தப்படுகிறோம் என்று உணர்ந்ததாகவும் 1965இல் கிங் கூறினார்.

நம் முன்னோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தபோது பெட்டி படுக்கையோடு எதையெல்லாம் கொண்டுவந்தார்கள் என்பதை நாம் அறிவோம். தெய்வத்தையும் கொண்டுவந்தார்கள், இந்த ஒதுக்கத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். இதை ஆலய மலரில் எழுதலாமா என்று ஒரு நண்பர் தயங்கினார். வேறெங்கே எழுதுவது?

மெம்பிஸ்

கிங்கின் கடைசிப் பணி குப்பை அள்ளும் தொழிலாளர்களுக்காக நடந்தது. 1968 பிப்ரவரி 1ஆம் நாள் மெம்பிஸ் நகரில் கடும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இரு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்புறத்தில் ஒதுங்கினர். குப்பையை நசுக்கும் இயந்திரம் பழுதால் தானே இயங்கி இருவரையும் நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12இல் ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முழுநேரம் உழைத்தும் அவர்களில் பலருக்கு அரசின் ஏழை நிதி பெறும் அளவுக்கே கூலி. அவர்கள் ஏந்திய அட்டையில் கூலியைப் பற்றி ஒன்றும் இல்லை. நானும் ஒரு மனிதன் என்னும் பொருளில் நான்கே சிறு ஆங்கிலச் சொற்கள் இருந்தன.

நோபெல் பரிசு பெற்ற கிங் அவர்களுக்காக மெம்பிஸ் சென்றார். வேறு பெரிய பணிகள் காத்திருக்க, ஒரு நகரத்துக் குப்பைத் தகராறில் ஏன் தலையிட வேண்டும் என்று உடனிருந்தோரே கேட்டனர். அங்கேதான் உயிர் துறந்தார். ஏப்ரல் 16இல் நகராட்சி தொழிலாளர் சங்கத்தை ஏற்று ஊதியத்தை உயர்த்தியது.

இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் தம் தேவாலயத்தில் பேசிய கிங், தம் இறுதிச் சடங்கில் நோபெல் பரிசைப் பற்றிப் பேச வேண்டாம். பசித்தவருக்கு உணவிடவும் பிறருக்குப் பணி செய்யவும் முயன்றான் என்று மட்டும் சொல்லுங்கள் எனக் கேட்டுக்கொண்டார். தொண்டு நாளை ஆதரிப்போர் இதை எடுத்துக்காட்டுவர். ஆனால் அதற்கு முந்திய ஆண்டு நியூயார்க்கில் பேசியபோது, பிச்சை கேட்பவனுக்குக் காசு எறிவதோடு இரக்கம் முடிவதில்லை, பிச்சைக்காரரை உண்டாக்கும் ஏற்பாட்டையே திருத்த வேண்டும் என்ற கருத்தையும் அவரே கூறியிருக்கிறார். அதனால்தான் அமெரிக்காவிலும் சிலர், ஆண்டுக்கு ஒருநாள் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டுப் போவதா கிங்குக்கு மரியாதை என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. தொண்டு நாளே வேண்டாம் என்னும் முடிவுக்கு மட்டும் என்னால் வர முடியவில்லை. மாண்ட்கோமரியில் ரொட்டி சுட்டவர்கள் இல்லாவிட்டால் 381 நாள் ஏது? அந்த ரொட்டி யாருக்காக, எதை மாற்றுவதற்காகச் சுடப்பட்டது என்பதை மறந்துவிட்டால் அது வெறும் பலகார வியாபாரம்.

பின்புறக் குழாய்

இனி அந்தத் தைப்பூச இரவு. நள்ளிரவைத் தாண்டி எங்கள் பந்தலருகே குப்பை லாரி வந்து நின்றது. பிளாஸ்டிக் குவளைகளும் வாழையிலைகளும் மலையாய்க் கிடந்தன. இரண்டு தொழிலாளர்கள் அரை மணி நேரம் அள்ளினர். மிச்சமிருந்த சோற்றுப் பொட்டலங்களில் இரண்டைக் கொடுக்கும்படி எங்கள் இளைஞர் ஒருவரிடம் சொன்னேன். இருவரில் மூத்தவர், தமிழர், ஐம்பதைக் கடந்தவர்.

"தம்பி, கை கழுவத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

பந்தலின் முன்னால் சோப்போடு கை கழுவும் தொட்டி இருந்தது. இளைஞர் அதைக் காட்டவில்லை. "பின்னால போங்கண்ணே, கால்வாய் ஓரமா ஒரு குழாய் இருக்கு" என்றார்.

அவர் ஒன்றும் சொல்லாமல் பின்புறம் சென்றார். தண்ணீர்ப் பந்தலில்தான் இது நடந்தது. நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளை, 3 நாள் தூங்காமல் உழைத்தவர். பெரியவனான நானே வாய் திறக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கில்மோர் அம்மையாரைப் பின்வாசலுக்குப் போகச் சொன்ன ஓட்டுநரைப் பற்றிப் படித்த அன்று, நூலை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

திருநாவுக்கரசர் கையில் ஏந்தியது உழவாரப் படை. கோயில் பிரகாரத்தில் புல்லைச் செதுக்கிக் குப்பையை அகற்றியவர் அவர். அவர் திருவுருவத்துக்கு மாலை சாத்துகிறோம். அதே வேலையைச் செய்கிறவருக்குப் பின்புறக் குழாயைக் காட்டினோம்.

அந்த ஆண்டு நடந்த குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். சிலருக்கு உவப்பாக இல்லை. எல்லாருக்கும்தான் கொடுக்கிறோமே, இதிலென்ன என்றார் ஒருவர். கடைசியில் மூன்று ஏற்பாடுகளுக்கு உடன்பாடு கிடைத்தது. குவளைகளைத் தொண்டர்களே அவ்வப்போது திரட்டிப் பையில் கட்டி வைப்பது. பிளாஸ்டிக்கைக் குறைத்து எவர்சில்வர் குவளைகளைக் கழுவிப் பயன்படுத்துவது. லாரி வரும் வேளையில் பந்தலின் முன்பக்கம் ஒரு மேசையும் நாற்காலிகளும் போட்டு வைப்பது.

2020ஆம் ஆண்டு தைப்பூசத்தில் அதே பெரியவர் வந்தார். அவருக்கு என்னை நினைவில்லை. "வாங்கண்ணே, உட்காருங்க" என்றேன். "இல்லீங்க, இன்னும் பதினஞ்சு பந்தல் இருக்கு" என்றார். முன்னால் இருந்த தொட்டியில் கை கழுவி, நின்றபடியே மோர் குடித்தார். உடன் வந்த இளையவர் மட்டும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வளவுதான் நடந்தது. பெருந்தொற்றால் 2021இல் பந்தலே போட முடியவில்லை. மீண்டும் பந்தல் போட்ட ஆண்டில் லாரியில் வேறு ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வங்காளதேசத்தவர். மரக்கறி உணவா என்று சைகையால் கேட்டுத் தெரிந்துகொண்டு சாப்பிட்டார்.

பந்தல் போடவும் பானகம் கலக்கவும் எங்களுக்கு ஆண்டுதோறும் ஆள் கிடைக்கிறது. குறைவது கடைசி இரவில் பந்தலைப் பிரித்து, சாலையைக் கூட்டி, லாரி வரும்வரை காத்திருக்கும் பணிக்குத்தான். வரும் தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு பேர் தேவைப்படுகிறார்கள். இரவு 11 மணி முதல் விடியற்காலை 3 மணி வரை. விளக்குமாறும் கையுறையும் நாங்கள் தருவோம். பெயர் பலகையில் வராது.